கரண்ட் வந்த முதல் பத்து வினாடி

திருப்பத்தூர் என்றதும் வேலூர்ப் பக்கம் போய்விடாதீர்கள். 2019-இல் தனி மாவட்டமான திருப்பத்தூர் வேறு. இது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர். ஊரைத் தாண்டினால் கண்மாய், கண்மாயைத் தாண்டினால் கிணறு, கிணற்றடியில் ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது.

மும்முனை மின்சாரம் போய்விட்டுத் திரும்பி வரும் நேரத்தில் அங்கே நடப்பது இதுதான். ஒரு டிரான்ஸ்பார்மரில் பன்னிரண்டு கிணறு. பன்னிரண்டிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ராத்திரி இரண்டு மணிக்கும் வரலாம். அந்த நேரத்தில் வரப்பில் பாம்பை மிதித்துக்கொண்டு நடக்க யாருக்கு ஆசை? ஆகவே எல்லாரும் "ஆட்டோ"வில் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். கரண்ட் வருகிறது. பன்னிரண்டு மோட்டாரும் ஒரே வினாடியில் இழுக்கின்றன. வோல்டேஜ் தரையைத் தொடுகிறது. பக்கத்துத் தெருவில் பல்பு சிவந்து மங்குகிறது. சில மோட்டார் ஏறிவிடும். லைனின் கடைசியில் இருப்பது "ம்ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே நிற்கும். ஓவர்லோட் ரிலே சரியாக இருந்தால் அது துண்டித்துவிடும். இல்லையென்றால் மறுநாள் காலை மோட்டாரை டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டியதுதான்.

"என்னண்ணே, போன போகத்துலதானே கட்டிக் குடுத்தேன்?"

"லோ வோல்டேஜ் தம்பி. என்ன பண்ணச் சொல்றே."

இதற்கு அதிகாரம் படைத்தவர்களும் படித்தவர்களும் சொல்லும் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: குற்றவாளி ஆட்டோ ஸ்டார்ட்டர், அதைப் பிடுங்கு. தெலங்கானாவில் 2017-இல் அரசே இதை ஒரு இயக்கமாக நடத்தியது. 2018 ஜனவரி 1 முதல் விவசாயத்துக்கு 24 மணி நேர இலவச மின்சாரம் தரப் போகிறோம், அதற்கு முன் ஆட்டோ ஸ்டார்ட்டர்களைக் கழற்றிவிடுங்கள் என்று விவசாயிகளைக் கேட்டுக்கொண்டது. அங்கே சொன்ன காரணங்களில் ஒன்று நியாயமானது. ஆள் இல்லாமல் மோட்டார் ஓடினால் தண்ணீர் வீணாகும், நிலத்தடி நீர் இறங்கும். 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசமாக இருக்கிற தமிழ்நாட்டுக்கும் அந்தக் கேள்வி உண்டு. அதை மறுக்க வேண்டாம். ஆனால் அது தண்ணீர்க் கேள்வி. மோட்டார் எரிவதும் வோல்டேஜ் விழுவதும் கரண்ட் கேள்வி. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி விவசாயி தலையில் ஏற்றி வைப்பது என்ன எஞ்சினியரிங்?

ஏனென்றால், கரண்ட் கேள்விக்கு விடை தெரியும். மாறுதிசை மின்னோட்டத்துக்கு வரம்பு வைப்பது எப்படி, அந்த வரம்பு மற்ற நேரத்தில் வோல்டேஜைத் தின்னாமல் இருப்பது எப்படி என்பது நூறு வருடமாக மனிதன் போட்டுப் பார்த்த கணக்கு. அதைக் கிணற்றடி வரை கொண்டுவர யாரும் மெனக்கெடவில்லை என்பதுதான் புகார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். (கணக்கு பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாவலாம், ஆனால் தாவினால் சண்டைக்கு வரக் கூடாது.)

5 ஹெச்.பி. மும்முனை மோட்டார் முழு லோடில் ஏறக்குறைய 7 ஆம்பியர் எடுக்கும். நேரடியாகச் சொருகி ஸ்டார்ட் செய்தால் அதைப் போல ஆறு மடங்கு, அதாவது சுமார் 43 ஆம்பியர். பன்னிரண்டு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது 86 ஆம்பியர்தான். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் அளவு 139 ஆம்பியர், ஆக அது நிம்மதியாகத் தாங்கும். ஆனால் பன்னிரண்டும் ஒன்றாக ஸ்டார்ட் ஆனால் 516 ஆம்பியர் கேட்கிறது. டிரான்ஸ்பார்மரின் இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்றால், லைனுக்குள் நுழைவதற்கு முன்பே 15 சதவீதத்துக்கு மேல் வோல்டேஜ் போய்விட்டது.

இனி லைன். கிலோமீட்டருக்கு 1.4 ஓம் உள்ள மெல்லிய அலுமினியக் கம்பி, அரை கிலோமீட்டர். அதன் கடைசியில் ஐந்து மோட்டார் ஒன்றாக இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மர் முனையில் ஃபேஸுக்கு முழுசாக 240 வோல்ட் இருந்தாலுமே, கிணற்றடியில் கிடைப்பது 160 சொச்சம். டிரான்ஸ்பார்மரும் விழுந்திருக்கிறது என்பதைச் சேர்த்தால் இன்னும் கீழே. மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் மூன்றில் இரண்டாகக் குறைந்தால் முறுக்கு பாதிக்கும் கீழே போகிறது. மூன்று வினாடியில் வேகம் எடுக்க வேண்டிய மோட்டார் பத்து வினாடி, இருபது வினாடி என்று தவழ்கிறது. தவழும் நேரம் முழுக்க காயிலில் நாலு மடங்கு கரண்ட். எரியாமல் என்ன செய்யும்?

பழைய 1956 மின்சார விதிகளில் தாழ்வழுத்த வீட்டு இணைப்புக்கு 6 சதவீதத்துக்கு மேல் வோல்டேஜ் ஏறவோ இறங்கவோ கூடாது என்று எழுதியிருந்தது. லைனின் கடைசி வீட்டில் இருப்பவரிடம் இதைச் சொன்னால் நல்ல ஜோக் என்பார்.

சரி, கரண்ட்டுக்கு வரம்பு போட வேண்டும். கிராமத்து எலெக்ட்ரீஷியனுக்குத் தெரிந்த லிமிட்டர் சீரிஸ் பல்பு. சந்தேகமான ரேடியோவையோ மிக்ஸியையோ சோதிக்க வேண்டுமென்றால் 100 வாட் பல்பைத் தொடரில் போடுவார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், வேறெதுவும் எரியாது. இதில் ஒரு அழகு இருக்கிறது. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அதாவது கரண்ட் குறைவாக இருக்கும்போது ஒதுங்கி நிற்கும், அதிகமானால் குறுக்கே விழும். பட்டம் வாங்காத எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் இந்த எட்டணா சாமான், பட்டம் வாங்கியவர் வரையும் சர்க்யூட்டைவிட அறிவுள்ளது. ஆனால் மேஜைக்குத்தான் ஆகும், மோட்டாருக்கு ஆகாது.

பட்டம் வாங்கியவரின் சர்க்யூட் எது? எலெக்ட்ரானிக்ஸ் படித்த எல்லாருக்கும் மனப்பாடம்: ஒரு டிரான்சிஸ்டர், அதன் எமிட்டரில் சின்ன ரெசிஸ்டர், அதில் 0.6 வோல்ட் வந்ததும் இன்னொரு டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு முதல் டிரான்சிஸ்டரின் கழுத்தைப் பிடிக்கும். நேர்மின்னோட்டத்துக்கு நல்ல சர்க்யூட். பரீட்சைக்கு 16 மார்க். இதையே ஏ.சி.க்கு மாற்றுங்கள் என்றால் வரும் பதில், "பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குள்ளே வைத்துவிடலாம் சார்". வையுங்கள். இரண்டு டயோடு 1.4 வோல்ட், ரெசிஸ்டர் 0.6, டிரான்சிஸ்டர் ஒன்று: மொத்தம் 3 வோல்ட் காலி. 12 வோல்ட் ஏ.சி. சர்க்யூட்டில் கால்வாசி போச்சு. 230 வோல்ட்டில் 3 வோல்ட் பெரிதில்லைதான், அங்கே வேறு பூதம் காத்திருக்கிறது. 2 ஆம்பியரில் வரம்பு வைத்தீர்கள், லோடு ஷார்ட் ஆகிறது, டிரான்சிஸ்டர் விசுவாசமாக 2 ஆம்பியரைப் பிடித்து நிறுத்துகிறது. அப்போது 230 வோல்ட்டும் அதன் தலைமேல். 460 வாட். இஸ்திரிப் பெட்டி அளவு சூடு, கட்டைவிரல் அளவு சிலிக்கானில். புகை வரும், அதுவும் டிரான்சிஸ்டர் தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே வரும்.

இரண்டு மாஸ்ஃபெட்டை முதுகோடு முதுகாக வைத்து, ஒவ்வொன்றும் 0.1 ஓம், உணர்வதற்கு 0.05 ஓம் என்று போட்டால் 2 ஆம்பியரில் அரை வோல்ட்தான் விழும். பிரிட்ஜ் தேவையில்லை. ஆனால் அதுவும் கரண்ட்டை "பிடித்துக்கொண்டு" நிற்கக் கூடாது. வரம்பு மீறியதும் துண்டித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சிக்க வேண்டும். ஓடும்போது குறைவாக விழுவது பாதி டிசைன். வரம்பில் நிற்கும்போது அந்தச் சூடு எங்கே போகிறது என்பது மீதிப் பாதி. பாடப்புத்தகம் முதல் பாதியிலேயே மணியடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

ஏ.சி.க்கு என்று ஒரு வரம் இருக்கிறது, அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. அதன் பெயர் சோக். பழைய டியூப் லைட்டின் தலையில் கனமாக ஒரு இரும்புக் கட்டி இருக்குமே, அது செய்த வேலை இதுதான். தொடரில் நிற்கும், கரண்ட்டைத் தடுக்கும், ரெசிஸ்டர் அளவுக்குச் சூடாகாது. இன்னும் சுவையான கணக்கு: 230 வோல்ட், 10 ஆம்பியர் எடுக்கும் ஹீட்டர். தொடரில் 2.3 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 23 வோல்ட் விழுந்து 207-தான் மிச்சம், 230 வாட் வீணாய்ப் போகும் சூடு. அதே 2.3 ஓம் ரியாக்டன்ஸ் உள்ள சோக் போட்டால், ஏறக்குறைய 7.3 மில்லிஹென்றி, அதிலும் 23 வோல்ட்தான் விழுகிறது. ஆனால் ஹீட்டருக்குக் கிடைப்பது 228.8 வோல்ட்! சோக்கின் வோல்டேஜ் லோடின் வோல்டேஜுக்குச் செங்குத்தாக நிற்பதால், கழித்தல் கணக்கு இல்லாமல் பிதாகரஸ் கணக்கு நடக்கிறது. ஷார்ட் ஆனால் இரண்டுமே 100 ஆம்பியரில்தான் நிறுத்தும். காவல் ஒரே அளவு, கூலி மட்டும் இருபதில் ஒரு பங்கு.

உடனே கிணற்றடிக்கு ஒரு லாரி சோக் அனுப்பிவிட வேண்டாம். மோட்டார் ஹீட்டர் இல்லை. பவர் ஃபேக்டர் 0.8 உள்ள மோட்டாருக்கு முன்னால் இதே சோக்கைப் போட்டால் 14 வோல்ட் போய்விடும். மோட்டாரே பாதி சோக் என்பதால் இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன. மோட்டாருக்குப் பக்கத்தில் சரியான கெப்பாசிட்டர் போட்டுப் பவர் ஃபேக்டரை 0.95-க்குக் கொண்டுவந்தால் லைன் கரண்ட்டே 16 சதவீதம் குறையும், விழும் வோல்டேஜும் குறையும். அந்தக் கெப்பாசிட்டர் எத்தனை கொட்டகையில் உயிரோடு இருக்கிறது என்பது வேறு சோகம்.

சோக் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பு உள்ளகத்தில் காற்று இடைவெளி விடாமல் சுற்றினால் சாதாரண கரண்ட்டில் பிரமாதமாக வேலை செய்யும். ஷார்ட் ஆகும் கணத்தில் இரும்பு நிறைவுற்று, சோக் வெறும் செம்புக் கம்பியாகிவிடும். மற்ற நேரமெல்லாம் விழித்திருந்துவிட்டு, திருடன் வரும் நேரம் பார்த்துத் தூங்கும் காவல்காரன்.

இதற்கு நேர் எதிரான காவல்காரனையும் மனிதன் செய்திருக்கிறான். 1955-இல் ஜெர்மனியின் காலோர்-எமாக் நிறுவனம் கண்டுபிடித்த ஐ.எஸ். லிமிட்டர் அது. ஓடும்போது வெறும் தடித்த செம்புக் கம்பி, வோல்டேஜ் விழுவதேயில்லை என்று சொல்லலாம். ஷார்ட் சர்க்யூட் கரண்ட் ஏற ஆரம்பித்ததுமே சின்ன வெடி மருந்து அந்தக் கம்பியைப் பிளந்துவிடும். கரண்ட் பக்கத்திலிருக்கும் ஃபியூஸுக்கு மாறி, உச்சத்தைத் தொடும் முன் அறுபடும். பெரிய ஆலைகளுக்கான சாமான், கிணற்றடிக்கு இல்லை. ஆனால் தத்துவத்தைக் கவனியுங்கள்: தேவையில்லாதபோது வழியை விட்டு விலகி நில். கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள்ளும் இதே கதைதான். முதலில் ஒரு தெர்மிஸ்டர் தடுக்கும், சூடானதும் வழிவிடும். நல்ல டிசைனில் ஒரு ரிலே வந்து அதையும் ஓரங்கட்டிவிடும்.

மோட்டாருக்கும் அப்படி ஒன்று கடையில் இருக்கிறது, சாஃப்ட் ஸ்டார்ட்டர். ஃபேஸுக்கு ஒரு ஜோடி தைரிஸ்டர் வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றும். தைரிஸ்டரில் ஒரு வோல்ட் சொச்சம் விழும். 240-இல் அது ஒன்றுமில்லை, ஆனால் மூன்று ஃபேஸிலும் சேர்த்து 25 வாட் சூடு, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள். அதனால்தான் மோட்டார் வேகம் எடுத்ததும் ஒரு பைபாஸ் கான்டாக்டர் விழுந்து தைரிஸ்டரை விடுவித்துவிடுகிறது. விலைதான் ஐந்து ஹெச்.பி. விவசாயிக்கு எட்டாது. அதைவிட மலிவான பழைய ஸ்டார்-டெல்டா முறை லைன் கரண்ட்டை மூன்றில் ஒன்றாக்கும், முறுக்கையும் மூன்றில் ஒன்றாக்கும். அதற்கு மோட்டாரிலிருந்து ஆறு கம்பி வெளியே வர வேண்டும். போர்வெல்லுக்குள் மூன்று கம்பியோடு இறங்கிய சின்ன சப்மெர்சிபிளில் அதற்கு வழியில்லை.

ஆக என்ன செய்வது? பிடுங்கு கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் சந்தோஷமாகக் கையைத் தட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

516 ஆம்பியர் எங்கிருந்து வந்தது? ஒரு மோட்டாரின் 43 ஆம்பியரால் எந்த லைனும் சாகவில்லை. அரை கிலோமீட்டர் தள்ளி ஒரே ஒரு மோட்டார் ஸ்டார்ட் ஆனால் ஃபேஸுக்கு 20 வோல்ட் போல விழும், மூன்று வினாடியில் மீளும். கொலை செய்தது "ஒரே வினாடி"தான். அப்படியானால் வரம்பை வோல்டேஜில் தேடுவானேன்? நேரத்தில் வையுங்கள். ஒவ்வொரு ஸ்டார்ட்டரும் வேறு வேறு நேரம் காத்திருந்து ஸ்டார்ட் ஆனால் டிரான்ஸ்பார்மர் பார்க்கும் உச்ச கரண்ட், மற்ற பதினொன்று ஓடும் 79-உம் ஒன்று ஸ்டார்ட் ஆகும் 43-உம் சேர்த்து 122 ஆம்பியர். 139-க்குள் அடங்கிவிட்டது. இந்த லிமிட்டரில் விழும் வோல்டேஜ் பூஜ்யம். சூடு பூஜ்யம். தொடரில் எதுவுமே இல்லை, காத்திருப்பு மட்டும்தான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பல ஆட்டோ ஸ்டார்ட்டர்களில் இந்தத் தாமத டைமர் ஏற்கனவே இருக்கிறது. கரண்ட் வந்து இத்தனை வினாடி கழித்து ஸ்டார்ட் செய் என்று சொல்ல ஒரு திருகு. ஆனால் கடையில் வாங்கி வந்தபோது நின்ற இடத்திலேயே அந்தத் திருகு நிற்கிறது. எல்லாருடையதும் ஒரே இடத்தில். பத்து வினாடி என்றால் பன்னிரண்டு மோட்டாரும் பத்து வினாடி பொறுமையாகக் காத்திருந்து, பிறகு ஒற்றுமையாக லைனைக் கொல்கின்றன. திருகு எதற்கு என்று வாங்கியவருக்கு யாரும் சொல்லவில்லை. விற்றவருக்குத் தெரியாது. படித்தவருக்கு 16 மார்க் சர்க்யூட் தெரியும்.

எந்த வினாடி யாருக்கு என்பதைப் பிரிக்க ஆணையம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு விவசாய இணைப்புக்கும் ஒரு சர்வீஸ் நம்பர் இருக்கிறது. அதன் கடைசி இரண்டு இலக்கத்தை இரண்டால் பெருக்குங்கள், அத்தனை வினாடி காத்திருங்கள். 37 என்றால் 74 வினாடி. அதிகபட்சம் 198, மூன்றேகால் நிமிஷம். நெல் வயல் மூன்று நிமிஷத்தில் காய்ந்துவிடாது. இரண்டு பேருக்கு ஒரே நம்பர் விழுந்தால்? நம்பர்கள் கன்னாபின்னாவென்று அமைந்தால் பன்னிரண்டு பேரில் எங்காவது ஒரு ஜோடி மோத ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மோதட்டும். இரண்டு மோட்டார் ஒன்றாக ஸ்டார்ட் ஆவதற்கும் பன்னிரண்டு ஒன்றாக ஸ்டார்ட் ஆவதற்கும் இருக்கும் வித்தியாசம், பல்பு ஒரு தடவை கண் சிமிட்டுவதற்கும் காயில் எரிவதற்கும் இருக்கும் வித்தியாசம்.

"நான் காத்திருந்தால் பக்கத்துக்காரன் முந்திக்கொள்வானே" என்பது அடுத்த கேள்வி. முந்தட்டும். முந்துபவர் லைனில் இருக்கும்வரை 7 ஆம்பியர்தான் எடுப்பார். பின்னால் வருபவருக்குக் கிடைக்கும் வோல்டேஜ், கூட்டத்தோடு கூட்டமாக முண்டியபோது கிடைத்ததைவிட நிச்சயம் அதிகம். கிணற்றுத் தண்ணீர் ஒரு நிமிஷத்தில் ஓடிப்போகாது. காத்திருப்பவர் நஷ்டப்படாத அபூர்வமான க்யூ இது. நம் ஊரில் வேறெங்கும் கிடைக்காது.

இதைச் செய்யாததன் விலை மோட்டாரோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒன்றாக இழுக்கும்போது டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போகிறது. லைன்மேன் வரும்வரை பயிர் காத்திருக்காது என்று ஊர்க்காரர் யாராவது தானே ஏறி ஃபியூஸ் போடுகிறார். அடுத்த தடவை போகாமலிருக்க இரண்டு இழை கூடுதலாக முறுக்குகிறார். ஃபியூஸ் அத்துடன் ஃபியூஸாக இருப்பதை நிறுத்திவிட்டது. இப்படி ஏறியவர்கள் செத்த செய்தி நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறது. அந்தச் சாவுக்கு "கவனக்குறைவு" என்று ஒரு வார்த்தை எழுதி முடிக்கிறார்கள். முதல் பத்து வினாடியில் 516 ஆம்பியர் இழுத்ததை யாரும் எழுதுவதில்லை.

திருப்பத்தூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் காரைக்குடி. 1952 முதல் பொறியியல் கல்லூரி இருக்கிற ஊர். சிவகங்கை மாவட்டத்தில் மட்டுமில்லை, எந்த மாவட்டத்தை எடுத்தாலும் கல்லூரிக்கும் கண்மாய்க்கும் இதே தூரம்தான். இறுதியாண்டு புராஜெக்ட் என்ற பெயரில் வருஷா வருஷம் ரெடிமேடாக வாங்கப்படும் பெட்டிகளில் ஒன்றே ஒன்று, சர்வீஸ் நம்பரைத் தட்டினால் தாமதத்தைத் தானே வைத்துக்கொள்ளும் ஸ்டார்ட்டராக இருந்திருக்கக் கூடாதா? ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு ரிலே, வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால் இன்னும் முப்பது வினாடி காத்திரு என்று பத்து வரி நிரல். லைன் ஃபாலோவர் ரோபோவைவிட எளிது. மதிப்பெண்ணும் அதே மதிப்பெண்தான்.

அது வரும்வரை பழைய திருகு இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்து மூன்று ஃபேஸிலும் கரண்ட் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால், டைமரின் முகத்தில் வினாடி எண்கள் அச்சிட்டிருக்கும். உங்கள் டைமர் 200 வினாடி வரை போகாது, 60-தான் அதன் எல்லை என்றால் இரண்டால் பெருக்க வேண்டாம், ஒரே டிரான்ஸ்பார்மரில் இருப்பவர்கள் கூடி ஆளுக்கு ஐந்து வினாடி தள்ளிப் பிரித்துக்கொண்டால் பன்னிரண்டு பேருக்கும் சரியாக இருக்கும். லைனின் கடைசியில் இருப்பவருக்கு முதல் இடம் கொடுங்கள். அவருக்குத்தான் வோல்டேஜ் குறைவு.